முழு எண் வித்தியாசம்

ஜூலை 3

மஞ்சள் காமாலை இறங்கிவிட்டது. ரஷீதா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "வெள்ளையாத்தாம்டி இருக்கு, இனி பிரியாணி திங்கலாம்" என்றாள். விடுதியில் என் அறைத்தோழி. கடையநல்லூர்க்காரி. விலங்கியலில் ஆய்வு, கொசுப்புழு வளர்க்கிறாள். நான் ஊரில் படுத்துக் கிடந்த நாட்களில் புழுத் தட்டுகள் என் மேசையைப் பிடித்துக்கொண்டன. ஒரு மூலை மிச்சம்.

போதும். நாளை துறைக்குப் போக வேண்டும். வாயில் இன்னும் கீழாநெல்லி.

ஜூலை 4

துறைக் கருத்தரங்கு. ஜெசிந்தா அக்கா பேசினார். தனியார் கல்லூரி ஒன்றில் கணித ஆசிரியை, பகுதிநேர ஆய்வாளர், என்னைவிட மிகவும் மூத்தவர். எங்கள் இருவருக்கும் நெறியாளர் தாணு சார்.

திரையில் முதல் படத்தில் என் ஐந்து புள்ளிகள்.

அடுத்ததில் என் துகள்கள்.

அதற்கடுத்ததில் என் தேற்றம். காமாலைக்கு முந்தைய வாரம் நான் முடித்தது. எழுதி, அடுக்கி, சாரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறினேன்.

கேள்விகள் உண்டா என்றார்கள். எல்லோரும் வடைத் தட்டைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

ஜூலை 5

"வா மக்ளே. உடம்பு தேவலையா? ரொம்ப மெலிஞ்சிட்ட."

"சார், நேத்து அக்கா பேசினது நான் செஞ்சது."

தாணு சார் பேனா மூடியைத் தேடி எடுத்து மாட்டினார். "நீ படுத்துட்ட. ஆராய்ச்சிய அடுப்புல வச்ச பால் மாதிரி அப்படியே விட்டுட்டுப் போக முடியுமா? ஜெசிந்தாவுக்கு இந்த வருஷம் பட்டம் வரலேன்னா வேலை போயிரும். ரெண்டு பிள்ளைய வச்சிருக்கா. உனக்கென்ன, வயசு கெடக்கு. வேற நல்ல கணக்கு ஒண்ணு தாரேன்."

"தேற்றம் என்னோடது, சார்."

"நீ சும்மா மேட்ரிக்ஸ் அணியப் பெருக்கியிருக்க. அதுக்குப் பின்னால உள்ள தத்துவம் உனக்குத் தெரியாது. அது தேற்றம்னு பாத்தது நான்."

பிறகு, "போகும்போது அந்தக் கட்டத் தூக்கிட்டுப் போ. பி.எஸ்சி. விடைத்தாள். வெள்ளிக்கிழமைக்குள்ள திருத்தித் தா."

தூக்கிக்கொண்டு வந்தேன்.

சும்மா அணியப் பெருக்கியிருக்க.

ஜூலை 9

விடைத்தாள் திருத்தினேன். ஒரு பையன் கேள்வியையே அழகான கையெழுத்தில் மூன்று முறை எழுதிவைத்திருக்கிறான். அரை மதிப்பெண் போட்டேன்.

ரஷீதா கேட்டாள். "அப்படி என்னத்தட்டி உன்கிட்டருந்து எடுத்துட்டாவ? நகையா, நட்டா?"

சொன்னேன். ஒரு நேரியல் வகைக்கெழுச் சமன்பாடு. சில புள்ளிகளில் அது முறிந்துவிடும். அந்தப் புள்ளியில் கால் வைக்க முடியாது. சுற்றி வரலாம். தீர்வைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தால், கிளம்பிய இடத்திலேயே வந்து நிற்போம். கையில் இருப்பது மட்டும் பழைய தீர்வு அல்ல.

"பள்ளிவாசல்ல தொழுதுட்டு வந்தா வாசல்ல செருப்பு மாறிக் கெடக்குமே. அது மாதிரியா?"

கிட்டத்தட்ட. எந்தச் செருப்பு எதுவாக மாறும் என்பதற்கு இங்கே கணக்கு உண்டு. இப்போது அந்த முறிவுப் புள்ளிகளை மெல்ல நகர்த்து. சமன்பாடு உருத்திரியும். ஆனால் சுற்றி வந்தால் நேரும் மாற்றம் மட்டும் இம்மியும் மாறக் கூடாது என்று விதி. அப்படியானால் சமன்பாட்டின் உள்ளே இருப்பவை இஷ்டத்துக்கு அசைய முடியாது. ஒரே ஒரு வழியில்தான் அசையும். அந்த வழியை எழுதிப் பார்த்தால், அது இயக்கவியல். இடம், உந்தம், ஆற்றல். விசைப்புலத்தில் ஓடும் துகள்கள். நகரும் புள்ளி எங்கே இருக்கிறதோ அதுதான் அவற்றின் கடிகாரம்.

ஐந்தில் நகரும் புள்ளிகள் இரண்டு. அவை ஒன்றோடொன்று மோதும்போது துகள்களுக்கு என்ன ஆகும்? இயக்கத்தைத் தீர்க்கவே வேண்டாம்; சுற்றினால் என்ன மாறுகிறது என்பதை வைத்தே சொல்லிவிடலாம். அதுதான் என் தேற்றம்.

ரஷீதா புழுக்களுக்கு நாய் பிஸ்கட் தூள் தூவிக்கொண்டே யோசித்தாள். "அதாவது ஒருத்தி கடைசில என்னாவான்னு, அவ எதச் சுத்திச் சுத்தி வாறா, அதுல எப்படி மாறுதா, அத வச்சே சொல்லிரலாம்."

"துகளுக்கு மட்டும்."

"ம்க்கும்."

துறைத் தலைவரிடம் புகார் கொடு என்றாள். என் ஆய்வேட்டிலும் தாணு சாரின் கையெழுத்துதான் விழ வேண்டும் என்றேன். அது காரணமில்லை. புகார் கொடுத்தால் விசாரிப்பார்கள். சமாதானம் செய்வார்கள். எனக்கு வேண்டியது அது இல்லை.

ஜூலை 15

இனி ஜெ. என்றே எழுதப்போகிறேன். முழுப் பெயருக்கு மை வீண்.

ஜூலை 22

ஜெ.யின் ஆய்வேட்டு வரைவை என்னிடமே கொடுத்துவிட்டார் சார். நான்காவது, ஐந்தாவது அத்தியாயங்கள். "உனக்குத்தான் கண் கூர்மை. கமா, முற்றுப்புள்ளி மட்டும் பாரு."

பார்த்தேன்.

நான்காவதில் என் தேற்றம். என் வரிசையிலேயே. ஐந்தாவதில் அதை ஓர் இயக்கவியல் எடுத்துக்காட்டில் பொருத்தியிருக்கிறாள். அது மட்டும் அவளுடையது. ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு முறிவுப் புள்ளிக்கும் இரண்டு அடுக்கெண்கள். அவற்றின் வித்தியாசம் முழு எண்ணாக இல்லாதவரை நிரூபணம் வழுக்கிக்கொண்டு ஓடும். முழு எண்ணாகிவிட்டால் தீர்வுக்குள் ஒரு மடக்கை, அதாவது லாக், நுழையும். நிரூபணம் அங்கேயே விழும். அவளுடைய எடுத்துக்காட்டில் வித்தியாசம் ஒன்று. சுத்தமான ஒன்று.

வித்தியாசம் முழு எண்ணாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனை என் தாள்களிலும் எழுதப்பட்டிருக்கவில்லைதான். எழுதத் தேவையில்லாத விஷயம். பொதுவான நிலையில் பேசுகிறோம் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டும்.

கமாக்களைத் திருத்தினேன். நிறைய விட்டிருக்கிறாள்.

ஜூலை 24

ஜெ. வரைவை வாங்க விடுதிக்கே வந்தாள். கையில் நெத்திலிக் கருவாடு. "காமாலைக்காரிக்குக் கருவாடு ஆகாதாம். உன் கொசுக்காரிக்குக் குடு. உனக்கு இந்தா, பேரீச்சம்பழம்."

ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றுகொண்டு, "ஆவுடை, நீ வேற டாபிக் எடுத்துக்கிட்டேன்னு சார் சொன்னாவ. வருத்தம் ஒண்ணும் இல்லியே?" என்றாள்.

"இல்லக்கா."

"கணக்குல எங்கயாச்சும் தப்பு இருந்தா மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிரு. எனக்கு நாலாவதுல ஒரு எடம் இடறிக்கிட்டே இருக்கு. எங்கன்னு தெரியல. செருப்புக்குள்ள மணல் கெடக்க மாதிரி."

"ஒண்ணும் இல்லக்கா. சுத்தமா இருக்கு."

சார் சொன்னாராம். நம்பவில்லை. நம்பினாலும் என்ன.

பேரீச்சம்பழம் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 18

ஜெ. ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். துறை முழுக்க மஸ்கோத் அல்வா. எனக்கு இரண்டு துண்டு.

இனி அது வெளித்தேர்வாளர்களிடம் போகும். அறிக்கை வர மாதங்கள் ஆகும். பிறகு பொது வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வரலாம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பல்கலைக்கழக விதி.

என்னால் காத்திருக்க முடியும். காமாலை அதைத்தான் கற்றுக்கொடுத்தது.

செப்டம்பர் 11

எதிர்க்காட்டு இன்னும் கைகூடவில்லை. வித்தியாசம் முழு எண்ணாகும்போது தேற்றம் பொய்யாகிறது என்று ஓர் உதாரணம் காட்டினால் போதும், மண்டபத்தில் ஒரே வரியில் முடித்துவிடலாம்.

துணி துவைத்தேன். மயில்கள் கொடியிலிருந்த துப்பட்டாவை இழுத்துப்போட்டிருக்கின்றன.

செப்டம்பர் 29

சாருக்காக வங்கிக்குப் போனேன். வரிசையில் நின்றபடி மண்டபத்தைக் கற்பனை செய்தேன். மேடை. மின்விசிறி. நான் எழுகிறேன். சாரின் முகம் எப்படி ஆகும் என்பது துல்லியமாக வருகிறது. முதலில் காது சிவக்கும்.

ஜெ.யின் முகம் வரவில்லை. எவ்வளவு முயன்றும் ஸ்கூட்டர்தான் வருகிறது.

அக்டோபர் 27

மழை. விடுதியைச் சுற்றிய கருவேலங்காடு முழுக்கத் தண்ணீர். ரஷீதாவுக்குக் கொண்டாட்டம், ஓசியில் புழு.

ஒன்று நடந்தது. மடக்கை வந்தால் தேற்றம் விழும் என்று காட்டத்தான் உட்கார்ந்தேன். விழவில்லை. நிரூபணம்தான் விழுகிறது. தேற்றம் வேறு உருவில் எழுந்து நிற்கிறது. மற்ற நிலைகளில் துகள்கள் மோதும் இடத்தை நோக்கி விரைந்து போய்விடுகின்றன. இங்கே அப்படி இல்லை. நெருங்குகின்றன. தயங்குகின்றன. மடக்கையின் வேகத்தில், அதாவது வேகமே இல்லாத வேகத்தில். அந்தத் தயக்கத்தின் அளவையும் சுற்றின் மாற்றமே சொல்லிவிடுகிறது.

கணக்கு நீளம். வளைந்து வளைந்து போகிறது. ஆனால் சரி.

ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. புரிந்துகொள்ளக்கூடியவர்கள் இந்த ஊரில் இரண்டு பேர், சாரும் ஜெ.யும்.

சொல்லமாட்டேன். கேள்வியை மட்டும் அவர்களுக்குத் தருவேன். பதில் என்னிடம் இருக்கும்.

டிசம்பர் 2

சாருக்கு வகுப்பெடுத்தேன். தேர்வுக் கண்காணிப்பு. முதுகுவலி.

ஜனவரி 6

அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். ஜெ.யின் பொது வாய்மொழித் தேர்வு. அனைவரும் வருக.

சார் எங்களைக் கூப்பிட்டார். வழக்கம்தான். மண்டபத்தில் யாரும் கேள்வி கேட்காவிட்டால் துறைக்கு அசிங்கம். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாலும் அசிங்கம். அதனால் நெறியாளரே இளைய ஆய்வாளர்களுக்குக் கேள்விகளைப் பங்கிட்டுக் கொடுப்பார். கேள்வியும் அவர், பதிலும் அவர். நாங்கள் எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவே.

"ஆவுடை, நீ கடைசியா எந்திரி. 'இந்த ஆய்வை மேற்கொண்டு எப்படி விரிவுபடுத்தலாம்?' அது போதும். அவ அழகா பதில் சொல்லி முடிச்சிருவா. கைதட்டல். காபி."

"சரி சார்."

"நல்ல சுடிதார் போட்டுட்டு வா."

ஜனவரி 10

எழுதிவிடுகிறேன், வரிசையாக.

மண்டபம் நிறைந்திருந்தது. ஜெ.யின் கணவர் முன்வரிசையில், மடியில் சின்னது, பக்கத்தில் பெரியது. வெளித்தேர்வாளர் கோழிக்கோட்டிலிருந்து வந்திருந்தார். சார் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். ஜெ. பேசினாள். பட்டுப்புடவை. சாக்பீஸ் தூள் படாமல் முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

பங்கிட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக எழுந்து உட்கார்ந்தன. கடைசியாக நான்.

"ஐந்தாவது அத்தியாயத்தின் எடுத்துக்காட்டில் அடுக்கெண்களின் வித்தியாசம் ஒன்று. முழு எண். அங்கே மடக்கை வரும். நான்காவது அத்தியாயத்தின் நிரூபணம் அப்போது செல்லுமா?"

சாரின் காது சிவந்தது. சரியாக அப்படியே.

கோழிக்கோட்டுக்காரர் பொன்னாடையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு ஆய்வேட்டைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு ஜெ.யைப் பார்த்தார்.

ஜெ. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் இப்படித்தான் ஆகும் என்று இப்போது தெரிந்தது. பயப்படவில்லை. அந்த மணலைக் கண்டுபிடித்துவிட்ட முகம்.

"செல்லாது" என்றாள். பிறகு மேடையிலிருந்தே தேர்வாளரிடம், "சார், நாலாவது அத்தியாயத்தோட கணக்கு முதல்ல ஆவுடை போட்டது. முன்னுரையில அவ பேரப் போடணும்னு கேட்டேன், தாணு சார் வேண்டாம்னுட்டாவ. இதுக்கு என்ன செய்யணும்னு அவளுக்குத்தான் தெரியும்" என்றாள்.

மண்டபத்தில் யாரோ இருமினார்கள்.

தேர்வாளர் என்னை மேடைக்கு அழைத்தார். ஆங்கிலத்தில், மரியாதையாக. சாக்பீஸை எடுத்தேன். எடுக்காமல் இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். எடுத்தேன். தீர்வின் முதல் வரி. மடக்கை உள்ளே நுழையும் இடம். அதுவரை கை தானாகப் போனது.

நிறுத்தினேன்.

அடுத்த வரியை எழுதினால் எல்லோருக்கும் தெரியும், இது யாருடையது என்று. அடுத்த வரியை எழுதினால் அவளுடைய ஆய்வேடும் பிழைத்துவிடும்.

தாணு சார் எழுந்து அருகில் வந்தார். மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார். "எழுதும்மா. உனக்குத் தெரியும். எங்க துறையிலயே இவளுக்குத்தான் தெரியும் சார்."

ஆறு மாதமாக இந்த வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தேன் என்று அப்போது தெரிந்தது.

"தெரியாது சார்" என்றேன். "நான் சும்மா அணியப் பெருக்கினவ. பின்னால உள்ள தத்துவம் தெரியாது."

சாக்பீஸை அதன் இடத்தில் வைத்துவிட்டு இறங்கினேன்.

தேர்வாளர் முடிவைச் சொன்னார். இந்த இரண்டு அத்தியாயங்களும் இல்லாமல் பட்டத்துக்குப் போதாது. மாத முடிவுக்குள் சரிசெய்து அனுப்பினால் பரிந்துரைப்பார். இல்லையென்றால் முழு ஆய்வேட்டையும் மறுபடி எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். அதாவது, அடுத்த வருஷம். அதாவது, வேலை இல்லை.

சமோசா வந்தது. யாரும் எடுக்கவில்லை. ஜெ.யின் பெரிய பையன் மட்டும் எடுத்தான்.

ஜனவரி 11

நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 12

ரஷீதா பேசவில்லை. கேட்டால், "உனக்குத் தெரியாதுன்னு சொன்னியாமே. எனக்கே தெரியும்டி, உனக்குத் தெரியும்னு" என்றாள். புழுத் தட்டுகளை என் மேசையிலிருந்து எடுத்துவிட்டாள். மேசை முழுவதும் என்னுடையது இப்போது.

ஜனவரி 15

பொங்கல். ஊருக்குப் போகவில்லை. விடுதியில் சர்க்கரைப் பொங்கல், அடிப்பிடித்தது.

சார் தொலைபேசியில் அழைத்தார். எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தார். ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். இனிய ஒலி.

ஜனவரி 23

ஜெ. வந்தாள். காய்ந்த நிலம் மாதிரி முகம்; தூங்கி நாளாகியிருக்கும். ஸ்கூட்டர் இல்லை. பேருந்தில் வந்திருக்கிறாள்.

ஏதாவது சொல்வாள் என்று தயாராக இருந்தேன். ஏசுவாள் என்று. பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள்.

"நீ போர்டுல மடக்கையைக் கொண்டுவந்து நிறுத்துனல்லா, அங்கருந்து புடிச்சேன். பிள்ளையளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு அனுப்பிட்டு உக்காந்தேன். வந்துட்டுன்னு நெனைக்கேன். துகள் விழாது ஆவுடை. நின்னு நின்னு போகுது."

படித்தேன்.

நான் வளைந்து போன இடத்தில் அவள் நேராகப் போயிருக்கிறாள். நடுவில் ஒரு வரி. அடுக்கெண்களை ஒரு படி நகர்த்திவிட்டு மடக்கையைத் தனியே பிரித்து எடுத்திருக்கிறாள். எனக்குத் தோன்றவே இல்லை அது. ஒரு மழைக்காலம் முழுவதும் தோன்றவில்லை.

"சார்ட்ட காட்டுனியளா?"

"அவருக்கு இது பாக்கத் தெரியாதுட்டி. உனக்குத் தெரியாதா? சரியா தப்பான்னு சொல்லத் தெரியாததுல அவரும் நானும் ஒண்ணுதான்." சிரித்தாள். "தப்பா அனுப்பிட்டா ரெண்டாம் தடவ மானம் போயிரும். அதுக்கு மறுபடி எழுதுதது மேல். நீ சரின்னு சொன்னா இன்னைக்கே அனுப்பிருவேன். உன் பேரும் சேத்துத்தான். மொத பேரா. சார்ட்ட சொல்லிட்டேன், என்ன வேணா செய்யட்டும்னு."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தாளின் ஓரத்தை அவள் விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"தப்புக்கா."

"எங்க?"

எங்கே என்று காட்ட வேண்டும் அல்லவா. அந்தத் தாளிலேயே மிகச் சரியான வரியைக் காட்டினேன். "இப்படி நகர்த்த முடியாது. நகர்த்தினா சுத்தோட மாற்றம் மாறிரும்."

நெடுநேரம் அந்த வரியைப் பார்த்தாள். மாறாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

"நானும் நெனச்சேன்" என்றாள் கடைசியில். "இம்புட்டு லேசா வந்துட்டுதேன்னு."

தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பேருந்து நிறுத்தம்வரை கூடப் போனேன். பேருந்து வந்ததும் ஏறுமுன் என் கன்னத்தைத் தொட்டு, "உடம்பப் பாத்துக்கோ. இன்னும் மெலிஞ்சுதான் இருக்க" என்றாள்.

பிப்ரவரி 1

மாதம் முடிந்துவிட்டது. அவள் எதையும் அனுப்பவில்லை. கல்லூரியில் அவளை மே வரை வேலையில் விட்டுவைத்திருக்கிறார்களாம். ரஷீதா சொன்னாள், கேட்காமலே.

பிப்ரவரி 8

விடைத்தாள் திருத்தினேன். தலைக்கு எண்ணெய் தேய்த்தேன்.

பிப்ரவரி 16

இன்று என் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். முதலில் பொதுவான நிலை. பிறகு முழு எண் நிலை. அக்டோபரில் கண்டுபிடித்த கணக்கு தலைக்குள் அப்படியே இருக்கிறது, ஒரு குறியீடு விடாமல்.

மடக்கை நுழையும் இடம்வரை எழுதினேன். அடுத்த வரியில் கை அடுக்கெண்களை ஒரு படி நகர்த்தியது.

அடித்தேன். என் வழியில் மறுபடி தொடங்கினேன். அதே இடத்தில் அதே வரி வந்து நின்றது. மூன்றாம் முறை தாளையே மாற்றினேன். நேர்வழி தெரிந்துவிட்டபின் வளைந்த வழி எழுத வருவதில்லை. பொய் சொல்வதுபோல் இருக்கிறது.

மாலைக்குள் முடிந்துவிட்டது. சின்ன நிரூபணம். யார் படித்தாலும் பாராட்டுவார்கள்.

தலைப்புக்குக் கீழே பெயரைத் தட்டச்சு செய்தேன். ஒரு பெயர்தான். பார்க்க நன்றாக இருந்தது.